ஹாஸ்கல் லிஸ்ட்ல சராசரி எடுக்க ஏன் மெமரி இப்படி எகிறுது?

கேள்வி:
ஹாஸ்கல் புரோக்ராமிங் மொழில ஒரு கோடி இன்ட் (முழு எண்) லிஸ்ட்ல இருக்கு, சராசரி வேணும். சம் (கூட்டல்) ஒரு தடவை, லெங்த் (எண்ணிக்கை) ஒரு தடவை, அவ்ளோதான் கோடு. ஆனா மெமரி பல நூறு எம்பி போகுது, நேரமும் இழுக்குது. வெக்டர்ல அதையே போட்டா சட்டுனு முடியுது. ரெண்டுமே ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஓடுறது தானே, அப்புறம் எங்க வித்தியாசம் வருது?

பதில் 1:
எத்தனை ஸ்டெப்னு மட்டும் பாக்காதீங்க, ஒவ்வொரு நம்பரும் மெமரில எங்க உக்காந்திருக்குனு பாருங்க. லிஸ்ட்ல ஒரு கான்ஸ் செல்லுக்கு, அதாவது சங்கிலில ஒரு கண்ணிக்கு, 3 வேர்டு (இது என்ன வகைனு சொல்ற ஹெடர், மதிப்பு இருக்குற இடத்தை காட்ட ஒரு பாயிண்டர், அடுத்த செல்லுக்கு ஒரு பாயிண்டர்), அந்த இன்ட்டை வச்சிருக்குற பாக்ஸுக்கு தனியா 2 வேர்டு, 64 பிட் மெஷின்ல ஒரு வேர்டு 8 பைட், ஆக ஒரு நம்பருக்கு 40 பைட். ஒரு கோடிக்கு 400 எம்பி, அன்பாக்ஸ்டு வெக்டர்னா (பாக்ஸ் இல்லாம நம்பரே வரிசையா இருக்கும்) வெறும் 80. 64 பைட் கேஷ் லைன் (சிபியு மெமரில இருந்து ஒரு தடவைக்கு எடுக்குற துண்டு) ஒண்ணு இழுத்தா வெக்டர்ல 8 நம்பர் வந்துடும், லிஸ்ட்ல முழுசா ரெண்டு கூட தேறாது. அதை விட பெரிய அடி, இந்த செல்லை படிச்சா தான் அடுத்த செல் எங்கனே சிபியுவுக்கு தெரியும், அதுவரைக்கும் சும்மா காத்துக் கெடக்கும்.

பதில் 2:
ஜிசியையும் (தேவையில்லாத மெமரியை தானா காலி பண்றது) சேத்துக்கோங்க. சம் முடிஞ்சாலும் லெங்த்துக்கு அதே லிஸ்ட் வேணும், அதனால முழுசும் உயிரோட இருக்கும், ஒவ்வொரு மேஜர் ஜிசியிலயும் (மொத்த மெமரியையும் அலசுறப்போ) செல் செல்லா காப்பி ஆகும். அன்பாக்ஸ்டு வெக்டர் ஒரே பெரிய துண்டு, உள்ள பாயிண்டரே இல்ல, காப்பியும் பண்ணாது. சாதா வெக்டர் போட்டு ஏமாந்துடாதீங்க, அதுல பாயிண்டர் தான் வரிசையா இருக்கும், நம்பர் வெளிய தான்.

பதில் 3:
அதுக்காக லிஸ்ட்டை தூக்கி போட வேண்டாம்ங்க. ஒரே ஃபோல்டுல (லிஸ்ட்டை ஒரு தடவை நடந்து ஒரு விடையா சுருக்குறது) கூட்டலையும் எண்ணிக்கையையும் ஸ்ட்ரிக்ட்டா, அதாவது தள்ளிப் போடாம அப்பப்போ கணக்கு போட்டு, சேத்து எடுத்தீங்கன்னா, லிஸ்ட் உருவாக உருவாக தின்னுட்டு போயிடும், மெமரில தேங்கவே தேங்காது. ஓகேம்ல்ங்கிற (OCaml) இன்னொரு மொழில இன்ட்டுக்கு பாக்ஸே கிடையாது, செல்லுக்கு 24 பைட் தான், ஆனா அங்கயும் செல் விட்டு செல் தாவி தான் ஆகணும்.

கேட்டவர்:
அன்பாக்ஸ்டு மாத்திட்டேன், மெமரி நல்லா இறங்கிடுச்சு, ரொம்ப நன்றி. ஆனா இன்னொரு ஃபங்ஷன்ல வெக்டரோட தொடக்கத்துல ஒண்ணொண்ணா சேக்குறேன், அது இப்போ முன்ன விட மோசம்.

பதில் 3:
ஒவ்வொரு தடவையும் முழு வெக்டரையும் காப்பி அடிக்குதுல்ல, அதான். அந்த இடத்துல லிஸ்ட்டாவே கட்டுங்க, கட்டி முடிச்சதும் ஒரே ஒரு தடவை வெக்டரா மாத்திக்கோங்க.