கத்தரியிலும் மல்லிகையிலும் இருப்பது ஒரே சிலந்திப்பேனா?

கேள்வி (தண்டையார்பேட்டை):
வணக்கம். எங்கள் மாடித்தோட்டத்தில் கத்தரி இலையின் அடிப்பக்கம் மெல்லிய நூலாம்படை படர்ந்து, அதற்குள் சிவப்புப் புள்ளிகள் ஊர்கின்றன. பக்கத்துத் தொட்டியிலுள்ள மல்லிகையில் எதுவும் ஊரவில்லை; ஆனால் இலைகளில் வெள்ளைக் கம்பளி ஒட்டியதுபோல் திட்டுத் திட்டாக இருக்கிறது. இரண்டும் செம்பேன்தான் என்று நாற்று வாங்கிய இடத்தில் சொன்னார்கள். கைப்பேசிப் படத்தைக் கொண்டு இனத்தின் பெயரைச் சொல்ல முடியுமா?

பதில் (பெரம்பூர்):
இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. மல்லிகையில் தெரிவது, ஈரியோபைட் சிலந்திப்பேன் உறிஞ்சுவதால் இலையே வளர்த்துக்கொள்ளும் மயிர். அந்தச் சிலந்திப்பேன் ஏசெரியா ஜாஸ்மினி என்ற இனமாக இருக்க வாய்ப்பு மிகுதி. புழுவைப் போன்ற உடலும் இரண்டே இணைக் கால்களும் கொண்ட இவை ஏறத்தாழ 0.2 மி.மீ. நீளமே இருப்பதால் உங்கள் கண்ணுக்குத் தப்பியதில் வியப்பில்லை. 1998இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட தென்னை ஈரியோபைட்டும் இதே பேரினம்தான். கத்தரியில் இருப்பது நூல் நூற்கிறது என்பதால் அதை டெட்ரானிக்கிடே குடும்பம் எனலாம். இனப்பெயரைப் படத்திலிருந்து சொல்ல இயலாது.

பதில் (மாதவரம்):
நிறத்தைப் பார்த்துப் பெயரிடுவதே நம்மில் பலர் செய்யும் பிழை. 1836இல் ஜெர்மானிய விலங்கியலாளர் கோக் விவரித்த, அதே டெட்ரானிக்கிடே குடும்பத்து இனமான டெட்ரானிக்கஸ் உர்டிகே பச்சையாகவும் இருக்கும், சிவப்பாகவும் இருக்கும். சிவப்பு வடிவத்தைச் சின்னபாரினஸ் என்று தனி இனமாகப் பிரித்தவர்களும் உண்டு. இந்தப் பேரினத்தில் பெண்கள் பெரும்பாலும் ஒன்றுபோல் இருப்பதால், ஆணின் இனப்பெருக்க உறுப்பு வளைந்திருக்கும் விதத்தையும் அதன் நுனிக் குமிழின் வடிவத்தையும் நுண்ணோக்கியில் பார்த்தே இனத்தை உறுதிசெய்ய வேண்டும். அவை பக்கவாட்டில் மட்டுமே தெரியும். ஆகவே ஹாயர் ஊடகத்தில் (ஸ்லைடில் மாதிரியைப் பதிக்க உதவும் தெளிவான திரவம்) ஆணைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். சிறிதளவு மல்லாந்தாலும் அந்த ஸ்லைடு பயன்படாது; எனவே ஒரே செடியிலிருந்து பல ஆண்களைச் சேகரித்து, 70 விழுக்காடு ஆல்கஹாலில் போட்டு வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஆணை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் (மாதவரம்):
கடைசியாகத் தோலுரிக்கும் முன் பெண் அசையாமல் ஒட்டிக்கிடக்கும். அதன்மேலோ அருகிலோ, அளவில் சிறிய, பின்பகுதி கூர்மையான ஒன்று காவல் காத்துக்கொண்டிருக்கும். அதுதான் ஆண். நரம்போரங்களில் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இன்று காலை பத்து மடங்கு லென்ஸில் அப்படி மூன்று கண்டேன். தூரிகை நுனியை ஆல்கஹாலில் நனைத்துத் தொட்டதும் ஒட்டிக்கொண்டன; கத்தரியையும் மல்லிகையையும் தனித்தனிக் குப்பியில் இட்டு, செடியின் பெயர், இடம், தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி உள்ளே போட்டிருக்கிறேன்.