புதுப்பிப்பு: வீட்டுப் பட்டறைக்கு மரத்தூள் உறிஞ்ச எது வாங்கினேன்

தக்கலை பக்கம் என் சின்னப் பட்டறைக்கு, 12,000 ரூபாய்க்குள் மரத்தூள் உறிஞ்ச என்ன வாங்கலாம் என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

தூள் சேரப் பை தொங்கும் 1 எச்பி (குதிரைத்திறன்) உறிஞ்சு மெஷின் வாங்கவில்லை. என்னிடம் இருப்பது கை ரம்ப மெஷின், மரத்தில் பள்ளமும் விளிம்பும் வெட்டும் ரவுட்டர், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் சாண்டர். "இதற்கு வாக்குவம் கிளீனரும் முன்னால் ஒரு சைக்ளோனும் போதும்" என்று பதில் சொன்ன ஒரு அண்ணனின் யோசனைதான் பலித்தது. சைக்ளோன் என்பது காற்றைச் சுழலவிட்டு, தூளை அடியில் உள்ள வாளியில் விழவைக்கும் கூம்பு. ஹோஸ் உட்பட 9,200 ரூபாய் ஆனது. இழைப்பு மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது பத்தாது. சீவல் மெல்லிய ஹோஸை அடைத்துவிடும். அவர்களுக்கு 4 அங்குல ஹோஸ் உள்ள பை மெஷின்தான் சரி.

முன்பு சைக்ளோன் இல்லாமல் சாண்டர் ஓட்டினால் பத்தே நிமிடத்தில் வாக்குவத்தின் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். போன வாரம் அயினி மரக் கதவு ஒன்றை முழுக்கத் தேய்த்தேன். சைக்ளோனுக்கு அடியில் உள்ள வாளி முக்கால் நிறைந்திருந்தது. வாக்குவத்துக்குள் ஒரு கைப்பிடித் தூள்தான்.

எதிர்பாராதது ஒன்று. முதல் நாளே ஹோஸில் மரத்துண்டு சிக்கியதும், அடியில் வைத்த பெயிண்ட் வாளி படாரென்று உள்வாங்கி நசுங்கிவிட்டது. அதே அளவு வாளி இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினேன், அப்புறம் நசுங்கவில்லை.

மழைக்காலத்தில் தூள் ஈரம் பிடித்துக் கட்டியாகிறது, அன்றன்றே கொட்டிவிடுங்கள். வாளியைத் திறக்கும்போது என்95 மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். நுண்தூள் மேலே எழும்புவது அப்போதுதான்.