தபாலில் வரும் மலப் பரிசோதனை: எங்கள் வீட்டில் நடந்தது

இங்கிலாந்தில் ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) பதிந்திருக்கும் 50 முதல் 74 வயதுக்காரர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அரச மருத்துவச் சேவையான என்எச்எஸ், பெருங்குடல் புற்றுநோயைத் தேடும் இந்தச் சோதனைக் கிட்டைத் தபாலில் அனுப்புகிறது. நாம் கேட்கவும் தேவையில்லை, காசும் இல்லை. முன்பு 60இல்தான் தொடங்கும், 2021இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வயதை இறக்கினார்கள். அப்படித்தான் எனக்கும் கணவருக்கும் வந்தது.

செய்வதை நினைத்துத்தான் எல்லோருக்கும் அருவருப்பு, ஆகவே அதையே விவரமாகச் சொல்கிறேன். பச்சை மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் போத்தல். மூடியைத் திருகி இழுத்தால் அதோடு ஒரு குச்சி வரும், அதன் நுனியில் வரிவரியாகப் பள்ளங்கள். மலம் கழிவறைத் தண்ணீரில் படக்கூடாது, அதற்கு நான் மார்ஜரின் டப்பா ஒன்றைக் கழுவி வைத்திருந்தேன், வேலை முடிந்ததும் குப்பைக்குப் போய்விட்டது. குச்சி நுனியால் அங்கங்கே சுரண்டி, அந்தப் பள்ளங்கள் மூடுமளவுக்கு எடுத்து, திரும்பச் செருகி இறுக்க வேண்டியதுதான். கூட எடுத்தால் நல்லது என்று அப்பி அனுப்பாதீர்கள், சோதனை கெட்டுவிடும். போத்தலில் திகதி எழுத மறக்க வேண்டாம்.

பழைய முறையில் மூன்று தடவை அட்டையில் பூசி அனுப்ப வேண்டும், என் மாமனார் அதைச் செய்துவிட்டுப் பட்ட சலிப்பு இன்னும் நினைவிருக்கிறது. 2019இல் அது போய் ஃபிட் என்ற இந்தச் சோதனை வந்தது. இது மலத்துக்குள் மனித இரத்தத்தில் உள்ள புரதத்தைத்தான் தேடுகிறது, அதனால் முதல் நாள் ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டேனே என்று யோசிக்கத் தேவையில்லை.

எனக்கு இரண்டு வாரத்துக்குள் கடிதம் வந்தது, மேற்கொண்டு எதுவும் வேண்டாம் என்று. கணவருடைய கிட் மட்டும் ஃபிரிட்ஜுக்கு மேல் பழைய பில்களோடு கிடந்தது. கேட்டால், "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிறகு பாப்பம்." கடைசியில் மகள்தான், "வருத்தம் இல்லாத ஆக்களுக்குத்தான் அப்பா இந்தச் சோதனையே" என்று சண்டை பிடித்து அனுப்ப வைத்தாள். அவருக்கு வந்த கடிதத்தில் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று இருந்தது. நூறில் இரண்டு பேருக்குத்தான் அப்படி வருமாம், அதிலும் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. அதைத் தெரிந்து வைத்திருந்தும் மனுசன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் தாதி ஒருவர் போன் எடுத்து ஆறுதலாக எல்லாம் விளக்கினார். கொலனோஸ்கோபிக்கு (கமரா உள்ள குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) முன் நார்ச்சத்துக் குறைந்த சாப்பாடு, அவர்கள் தரும் காகிதத்தில் பாணும் உருளைக்கிழங்கும்தான் எழுதியிருக்கும், நம் சாப்பாட்டை நாம்தான் கேட்க வேண்டும். கேட்டேன். வெள்ளைமா இடியப்பம் சரி, குரக்கனும் கீரையும் வேண்டாம் என்றார். இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உண்மையில் கொடுமை அந்தப் பேதி மருந்துதான், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி லீற்றர் கணக்கில் குடித்துவிட்டு இரவு முழுக்கக் கழிவறையும் கட்டிலுமாக நடந்தார். பரிசோதனை அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. மயக்க ஊசி போட்டால் கூட்டிவர ஆள் வேண்டும், ஒரு நாள் கார் ஓட்டவும் கூடாது. குடலின் உள்பக்கத்தில் இரண்டு பொலிப் (சின்னச் சதை வளர்ச்சி) இருந்தது, அங்கேயே கம்பி வளையத்தால் எடுத்துவிட்டார்கள். புற்று இல்லை. ஆனால் அந்த வகையை விட்டுவைத்தால், வருடக்கணக்கில் சிலது புற்றாக மாறக்கூடும் என்றார்கள்.

இன்னொன்று. கடிதம் நல்லபடியாக வந்தாலும் அது இரண்டு வருடத்துக்கான உத்தரவாதச் சீட்டு இல்லை. இங்கிலாந்தில் வீட்டுக் கிட்டில் மேற்கொண்டு பார்க்கச் சொல்லும் எல்லை, ஒரு கிராம் மலத்துக்கு அந்த இரத்தப் புரதம் 120 மைக்ரோகிராம் என்றுதான் நெடுநாள் இருந்தது, அதற்குக் குறைவாக இருந்தால் நல்ல கடிதம்தான் வரும். அறிகுறி உள்ளவர்களுக்கு ஜிபி இதே ஃபிட்டைச் செய்தால் 10 என்றாலே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். மலத்தில் இரத்தம் கண்டால், மலம் போகிற பழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடித்தால், காரணமில்லாமல் மெலிந்தால், அடுத்த கிட் வரட்டும் என்று இருக்காமல் ஜிபிக்குப் போன் அடியுங்கள்.

75 ஆகிவிட்டால் தானாக வராது, இலவச உதவி இலக்கத்துக்குப் போன் எடுத்துக் கேட்டால் அனுப்புவார்கள். பக்கத்து வீட்டு மாமி மகனிடம் சொல்ல வெட்கப்பட்டு என்னைத்தான் எடுக்கச் சொன்னார். கிட் வந்தது, செய்தும் முடித்துவிட்டார், பிறகு ஒரே கவலை: "பிள்ளை, இதைத் தபால்காரன்ர கையிலயோ குடுக்கிறது?" இல்லை மாமி, சிவப்புப் பெட்டிக்குள் போட்டால் போதும், முத்திரையும் ஒட்டத் தேவையில்லை.