நிலுவையாக வந்த வெள்ளி

இலங்கையின் ஓட்ட வீராங்கனை சுசந்திகா ஜயசிங்கவை நேரில் கண்ட அனுபவங்களைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அவரை ஒரு முறையும் நேரில் கண்டதில்லை. மலையகத்தில் தலவாக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), இருபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு சிறிய தொலைக்காட்சியில் கண்டதுதான்.

2000 செப்டெம்பர் 28, பிற்பகல். பெண்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்ததால், சிட்னி ஒலிம்பிக்கில் நடந்த பெண்கள் 200 மீற்றர் இறுதிப்போட்டியைப் பார்க்க எங்களைப் போன்ற பிள்ளைகளும் முதியவர்களுமே இருந்தோம். அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84 செக்கனில் முடித்துவிட்டார். அவருக்குப் பின்னால் பஹாமாஸின் போலின் டேவிஸ்-தொம்சன் 22.27, சுசந்திகா 22.28. டங்கன் வைட் 1948இல் லண்டனில் வென்ற வெள்ளிக்குப் பின்னர், 52 ஆண்டுகள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது என்பதை மறுநாள் காலைக்கூட்டத்தில் பாடசாலை அதிபர் சொல்லித்தான் அறிந்தோம்.

எங்கள் பாடசாலை மைதானத்தில் நேராக 100 மீற்றர் ஓட இடமில்லை. சரிவை வெட்டிச் சமன்செய்த துண்டு நிலம் என்பதால் வளைந்துதான் ஓட வேண்டும். ஆகவே வளைவில் தொடங்கும் 200 மீற்றரே மலையகத்துப் பிள்ளைகளுக்கு உரிய ஓட்டம் என்று நானாகவே முடிவு செய்து, அந்த ஆண்டு இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். நான்காவதாக வந்தேன்.

கேகாலை மாவட்டத்துக் கிராமமொன்றிலிருந்து வந்த சுசந்திகா 1997இல் ஏதென்ஸ் உலக மெய்வல்லுநர் போட்டியில் வெள்ளியும், 2002இல் பூசான் ஆசிய விளையாட்டில் 100 மீற்றர் தங்கமும் வென்றார். எனினும், ஏதென்ஸுக்குப் பத்து ஆண்டுகள் கழித்து, தமது 31ஆவது வயதில், ஒசாக்காவில் அதே உலகப் போட்டியில் வென்ற வெண்கலத்தையே நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன்.

ஊக்கமருந்து பயன்படுத்தியதை ஜோன்ஸ் 2007இல் ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார். 2009 டிசம்பரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. நான் செய்தியை வாசித்துக் காட்டியபோது, முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த அம்மா, நிலுவைச் சம்பளம் வந்ததைப் போல என்றார். பிறகு தங்கம் யாருக்குப் போயிற்று என்று கேட்டார். டேவிஸ்-தொம்சனுக்கு, இருவருக்கும் இடையே செக்கனில் நூறில் ஒரு பங்குதான் வித்தியாசம் என்றேன். கொழுந்து நிறுக்கையில் தராசு முள் ஆடி நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை வெட்டிவிடும் அரைக் கிலோ போலவா என்று அவர் கேட்டார். அதைவிடவும் குறைவு அம்மா என்றேன்.