தோட்டத்து மலைச்சரிவை ஃப்ளையிங் விங்கால் படமெடுப்பது: பறப்புக்கோடு எந்தத் திசையில் போட வேண்டும்?

கொழுந்துக்கூடை:

வணக்கம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பிரிவு, ஏறக்குறைய 60 ஹெக்டேயர். கீழே ஆற்றோரம் 1280 மீற்றர், உச்சியில் யூகலிப்டஸ் காட்டு விளிம்பு 1500 மீற்றர். சரிவு பல இடங்களில் 30 பாகை. இதற்கு ஓர்தோ வரைபடமும் (படங்களை இணைத்து, சாய்வுப் பிழை நீக்கி, அளவெடுக்கக்கூடியதாகச் செய்த ஒரே படம்) உயர மாதிரியும் செய்ய வேண்டும். எந்தெந்த மலையில் (தேயிலைத் துண்டில்) தேயிலை விட்டுப்போய் வெற்றிடம் கிடக்கிறது என்று கணக்கெடுப்பது ஒரு தேவை. லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே இருக்கிற சரிவில் மண்சரிவுக்கான அறிகுறி தெரிகிறதா என்று பார்ப்பது இன்னொன்று.

கையில் இருப்பது எஃப்எக்ஸ்-61 இறக்கை (வால் இல்லாத ஃப்ளையிங் விங் விமானம், அகலம் 1550 மி.மீ), ஆர்டுபிளேன் மென்பொருள் ஓடும் பிக்ஸ்ஹாக் தானோட்டிப் பலகை, எம்8என் ஜிபிஎஸ், காற்றுவேகம் அளக்கும் பிட்டோட் குழாய், 4எஸ் 5000 லிபோ பற்றரி. கமெரா சிஎச்டிகே (கமெராவை ஸ்கிரிப்டால் இயக்க உதவும் மென்பொருள்) போட்ட கேனன் எஸ்100. எல்லாம் சேர்த்து 1.7 கிலோ.

மிஷன் பிளானரில் (பறப்பைத் திட்டமிடும் மென்பொருள்) 120 மீற்றர் என்று ஒரே உயரம் கொடுத்து, நீளவாக்கில் கோடு போட்டால் போதுமா? இறக்க இருக்கும் ஒரே தட்டை நிலம் கீழே உள்ள விளையாட்டு மைதானம்தான்.

நாற்பத்தைந்துபாகை:

ஒரே உயரம் கொடுத்தால் இறக்கை மலையில் போய் முட்டும். மைதானத்திலிருந்து 120 என்றால் 1400 மீற்றர். உங்கள் உச்சி 1500. முதலில் அதை மறந்துவிடுங்க.

எஸ்100க்குக் கணக்கு இப்படி வரும். ஒரு பிக்சல் 1.86 மைக்ரோன், லென்ஸ் 5.2 மி.மீ. 120 மீற்றர் உயரத்தில் நிலத்தில் ஒரு பிக்சல் 4.3 செ.மீ, ஒரு படம் 172 × 129 மீற்றர். அகலப் பக்கம் பறப்புக்குக் குறுக்காக இருக்கும்படி கமெராவைப் பூட்டுங்க. கோட்டு இடைவெளி 52 மீற்றர் என்றால் பக்க ஓவர்லாப் (பக்கத்துக் கோட்டுப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு) 70 வீதம். இதுவே நிலம் 60 மீற்றர் உயர்ந்து, கமெராவுக்குக் கீழே 60 மீற்றர்தான் மிச்சம் என்றால் படத்தின் அகலம் 86 ஆகிவிடும், ஓவர்லாப் 40க்கு விழும். அங்கேதான் மாதிரியில் ஓட்டை விழுகிறது. மென்பொருளைத் திட்டிப் பயனில்லை.

அதனால் டெரைன் ஃபாலோ (நிலம் ஏறி இறங்குவதற்கேற்பப் பறப்புயரத்தை மாற்றுவது) கட்டாயம். ஆனால் அதை மட்டும் நம்பிச் சரிவில் மேலும் கீழுமாகக் கோடு போடாதீங்க. ஆர்டுபிளேனில் ஏற்ற வேகத்துக்கான உச்சவரம்பு தொடக்கத்தில் விநாடிக்கு 5 மீற்றர். 15 மீற்றர் வேகத்தில் பறந்தால் அது மூன்றுக்கு ஒன்று, அதாவது 18 பாகை. 30 பாகைச் சரிவில் நிலம் இறக்கையை விட வேகமாக ஏறும். இறங்கும்போது அதற்கு நேர்மாறு. எஃப்எக்ஸ்-61 மிதந்துகொண்டே போகும், உயரம் குறையாது, வேகம் கூடும், படம் மங்கும்.

கோடுகளைச் சமவுயரக் கோட்டுக்கு இணையாகப் போடுங்க. தேயிலையில் வெட்டுக்கான் (சரிவுக்குக் குறுக்காக வெட்டிய வடிகான்) எப்படி மலையைச் சுற்றிப் போகிறதோ அந்த வாக்கில். 30 பாகையில் 52 மீற்றர் தள்ளினால் அடுத்த கோடு 30 மீற்றர் ஏறியோ இறங்கியோ இருக்கும், ஒரு கோட்டுக்குள் உயரம் அதிகம் மாறாது.

பலர் கவனிக்காத ஒன்று, எந்தக் கோட்டிலிருந்து தொடங்குவது என்பது. மேலிருந்து கீழே வாங்க. கோடு முடிந்ததும் இறக்கை அடுத்த கோட்டின் பக்கமாகத்தான் திரும்பும். கீழிருந்து மேலே போனால் ஒவ்வொரு திருப்பமும் மலையைப் பார்த்துத் திரும்பும். 35 பாகை சாய்வில் திரும்பு ஆரை 33 மீற்றர், விட்டம் 66. கோட்டு இடைவெளியைவிடப் பெரியது என்பதால் அது வெளியே வீசித்தான் திரும்பும். அந்த வீச்சு பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கட்டும். தொடக்கத்தில் ஆற்றுக்கு மேலே வட்டமடித்தே 1640க்கு ஏறிவிட்டு முதற்கோட்டுக்குப் போங்க.

இன்னொன்று: 30 பாகைச் சரிவில் ஒரே படத்தின் மேல்விளிம்பில் பிக்சல் 3 செ.மீ, கீழ்விளிம்பில் 7 செ.மீக்கு மேல். இந்த வித்தியாசத்தில் புள்ளி பொருத்துவது சிரமம். தேயிலை வேறு எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி, காற்றில் இலையும் அசையும். இடைவெளியை 45 ஆக்குங்க. 60 ஹெக்டேயருக்குக் கோடு மட்டும் 13 கிலோமீற்றர் சொச்சம், திருப்பம் சேர்த்து 17 வரும். ஒரே பற்றரியில் முடிக்கலாம்தான். இருந்தாலும் மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு பறப்பாகப் பிரிப்பது நல்லது. நடுவில் ஒளி மாறினால் ஒரு பாதியைத்தான் திரும்ப எடுக்க வேண்டிவரும்.

ஊவாக்காற்று:

மேலே சொன்னது சரி. நான் இறக்கையின் பக்கத்தைச் சொல்கிறேன்.

தம்பி, முதலில் ஆர்டிஎல் உயரத்தைப் பாருங்க (எறிந்த இடமான வீட்டுப் புள்ளிக்குத் தானாகத் திரும்பும்போது பறக்கும் உயரம்). தொடக்க மதிப்பு வீட்டுப் புள்ளியிலிருந்து 100 மீற்றர். உங்களுக்கு அது 1380. உச்சிக் கோட்டின் கோடியில், மலைமூக்குக்கு அந்தப் பக்கம் ரேடியோ அறுந்தால், 1620இல் இருந்த இறக்கை 1380ஐ நோக்கி இறங்கிக்கொண்டே நேர்கோட்டில் வீட்டுக்கு வரப் பார்க்கும். நடுவில் இருப்பது மலை. 380 கொடுங்க, 1660 ஆகும், யூகலிப்டஸ் மரத்துக்கும் மேலே. ஆற்றுக்கு மேலே ஒரு ராலி புள்ளியும் (வீட்டுப் புள்ளிக்குப் பதிலாகத் திரும்பி வரும் இடம்) அதே உயரத்தில் வையுங்க.

டெரைன் தரவு, அதாவது நில உயரத் தரவு, எஸ்ஆர்டிஎம். அது 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ராடரில் எடுத்தது. கூரான முகடுகளை அது மழுக்கிக் காட்டும், அதற்குப் பிறகு வளர்ந்த மரம் அதில் இல்லை. ஆகவே 120க்குக் கீழே போகாதீங்க. பள்ளத்தாக்கைக் குறுக்கே கடக்கும் மின்கம்பி எந்தத் தரவிலும் இல்லை. லக்ஷபான மின்நிலையப் பக்கத்திலிருந்து போகிற பெரிய லைன்கள் ஒரு முகட்டிலிருந்து மறு முகட்டுக்குத் தொங்கும். நடுப்பள்ளத்தில் அதன் உயரம் நினைப்பதைவிடக் கூட. வட்டமடித்து ஏறும் இடத்தை நடந்து பார்த்துத் தெரிவு செய்யுங்க.

வேகம்: 1400 மீற்றரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 13 வீதம் அளவில் குறைவு. பிட்டோட் 15 காட்டினால் உண்மை வேகம் 16. பின்காற்று 5 சேர்ந்தால் நிலவேகம் 21. ஆகவே கமெராவை நேரத்தால் அல்ல, தூரத்தால் தட்டுங்க. 30 மீற்றருக்கு ஒரு படம் வையுங்க. சிஎச்டிகேயில் எஸ்100 ஏறக்குறைய 2 விநாடிக்கு ஒரு படம்தான் எடுக்கும். பின்காற்றில் அது பிந்தி, 42 மீற்றருக்கு ஒரு படம் என்று ஆகிவிடும், முன் ஓவர்லாப் 77இலிருந்து 67க்குப் போகும். காற்று 5ஐத் தாண்டினால் அன்றைக்குப் பறக்க வேண்டாம்.

எறிவது: இறக்கையின் விசிறி பின்னால் இருக்கிறது, விரல் போகும் இடம் அது. எறிந்த உந்தல் தெரிந்த பிறகே மோட்டார் எழும்பட்டும். ஆர்டுபிளேன் அமைப்பில் அதற்கான குறைந்தபட்ச முடுக்கம் 9 அல்லது 10 மீ/வி², தாமதம் 2 (அது பத்தில் ஒரு விநாடிக் கணக்கு, அதாவது 0.2 விநாடி). மூக்கைத் தூக்கி எறியாமல் கிடையாக, காற்றை எதிர்த்து எறியுங்க.

எடைமையம்: வால் இல்லாத விமானத்தில் சில மி.மீ பின்னால் போனாலே மூக்கு ஆடத் தொடங்கும். கமெராவைப் பூட்டிய பிறகு, மெமரி கார்ட் உட்பட எல்லாம் உள்ளே இருக்கும்போது, தயாரிப்பாளர் காட்டிய புள்ளியில் தாங்கிப் பாருங்க. பற்றரியை முன்னுக்குத் தள்ளிச் சரிசெய்யுங்க. சந்தேகமென்றால் சற்று முன்பாரம். முன்பாரத்தில் கொஞ்சம் பற்றரி வீணாகும், பின்பாரத்தில் இறக்கையே போய்விடும்.

இறக்குவது: இதற்கு ஃப்ளாப் இல்லை. சரிவின் மேலிருந்து மைதானத்துக்கு இறக்கப் பார்த்தால் மைதானத்தைத் தாண்டி ஆற்றில் போய் நிற்கும். பள்ளத்தாக்கின் நீளவாக்கில் வாங்க. வெயில் ஏறியதும் காற்று கீழிருந்து மேலே வீசும், அதனால் ஆற்றின் மேற்பக்கமிருந்து கீழ்ப்பக்கம் பார்த்து இறங்கினால் எதிர்காற்று கிடைக்கும். அவசரத்தில் தேயிலையில்தான் இறக்க வேண்டும் என்றால் கொழுந்து எடுக்கிற மலையில் இறக்குங்க, செடி மெத்தையாகத் தாங்கும். கவ்வாத்து வெட்டிய மலை வேண்டவே வேண்டாம். அந்தக் குச்சிகள் ஈபிஓ ஃபோமைக் கிழித்துக் கமெரா வரை போகும். வயிற்றுப் பக்கம் நார் டேப் ஒட்டுங்க, லென்ஸ் வெளியே துருத்தாமல் உள்ளே ஆழமாகப் பதியுங்க. இறங்குமுன் லென்ஸ் மூடிக்கொள்ளும்படி சிஎச்டிகே ஸ்கிரிப்டில் அமைக்கலாம்.

கொழுந்துக்கூடை:

மிக்க நன்றி அண்ணே. ஒளி எப்படி? எங்கள் சரிவு மேற்குப் பார்த்தது. காலையில் முழுக்க நிழல். பின்னேரம் என்றால் மிஸ்ட் இறங்கிவிடும்.

நாற்பத்தைந்துபாகை:

மேற்குப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் உங்கள் பக்கம் நம்ப முடியாது. ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் காய்ந்து கிடக்கும், ஆனால் காற்று பலம்.

வெயில் கட்டாயமில்லை. மேல்மூட்டம் உயரத்தில் நின்று, வெளிச்சம் சீராக இருக்கும் நாள்தான் இந்த வேலைக்கு நல்லது. கிரவீலியா மரத்தின் நிழல் நீட்டாக விழுந்தால் அந்த நிழலுக்குள் தேயிலை இருக்கிறதா, வெற்றிடமா என்றே தெரியாது. வெயில் நாளென்றால் பத்து மணிக்குப் பிறகு, மிஸ்ட் ஏறுமுன்.

ஷட்டர் 1/1000க்கு மேல். 16 மீற்றர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் இறக்கை 1.6 செ.மீ நகரும், அரைப் பிக்சலுக்குள் அடங்கும். 1/500 என்றால் முக்கால் பிக்சல், விளிம்பு மங்கும். மூட்டத்தில் ஐஎஸ்ஓவை 400 வரை ஏற்றுங்க, ஷட்டரைக் குறைக்காதீங்க. ஃபோக்கஸை முடிவிலியில் பூட்டிவிடுங்க. ஸூம் தொடவே கூடாது.

சங்கிலிக்காரன்:

நான் நில அளவைப் பக்கத்தில் இருந்து இரண்டு விசயம் சொல்லிப்போட்டுப் போறன்.

உயரம். இலங்கையில், ஜிபிஎஸ் கணக்குக்கு அடிப்படையான நீள்வட்டக் கோளத்தின் மேற்பரப்பு கடல்மட்டத்துக்குக் கிட்டத்தட்ட 100 மீற்றர் மேலே நிற்குது. உலகத்திலேயே ஜியோயிட் (கடல்மட்டத்தைக் குறிக்கும் பரப்பு) மிகவும் தாழ்ந்த பகுதி எங்கட தெற்கில்தான் கிடக்கு. ஆர்டுபிளேன் பதிவில் இருக்கும் உயரம் கடல்மட்டக் கணக்கு. ஆர்டிகே கருவியில் (செ.மீ அளவுத் துல்லிய ஜிபிஎஸ்) எடுக்கும் தரைப்புள்ளி (நிலத்தில் குறி வைச்சு அளந்த இடம்) பெரும்பாலும் நீள்வட்டக் கணக்கு. இரண்டையும் கலந்து மென்பொருளுக்குக் கொடுத்தால் புள்ளிகள் படத்தோடு பொருந்தாமல் 100 மீற்றர் பிழை காட்டும். ஆட்கள் கமெராவைச் சந்தேகப்படுவினம். எல்லாவற்றையும் ஒரே கணக்குக்கு மாற்றிப்போட்டுத் தொடங்குங்கோ.

ஆயத்தொகுதியும் அப்படித்தான். பழைய தோட்டப் படங்கள் கண்டவளைத் தளத்தில் இருக்கலாம், இபிஎஸ்ஜி (ஆயத்தொகுதிக் குறியீட்டு எண்) 5234, தொடக்கம் 200000, 200000. புதியது எஸ்எல்டி99, இபிஎஸ்ஜி 5235, தொடக்கம் 500000, 500000. எண்ணைப் பார்த்தவுடனே எது என்று பிடிபடும். 300000ஐக் கூட்டிக் கழித்து மாற்றாதேங்கோ. தளமே வேறு, மென்பொருளால் முறையாக மாற்ற வேணும்.

தரைப்புள்ளி 60 ஹெக்டேயருக்கு 8 முதல் 10. எல்லாத்தையும் ரோட்டோரமாக ஒரே உயரத்தில் வைச்சால் மாதிரி நடுவில் குழிந்தோ பொங்கியோ வரும். ஆற்றோரத்தில் இரண்டு, உச்சியில் இரண்டு, மற்றவை நடுவில் பரவலாக. 50 செ.மீ வெள்ளைக் குறுக்குக் குறி போதும், 4.3 செ.மீ பிக்சலில் தெளிவாகத் தெரியும். தேயிலைக்குள்ளே வைக்க வேண்டாம், போக்குக் கட்டு (மதகுச் சுவர்), ரோட்டு முடக்கு, லயத்து முற்றம் நல்லது. இரண்டு மூன்று புள்ளியைக் கணக்கில் சேர்க்காமல் வைச்சுக் கடைசியில் பிழை பாருங்கோ.

மண்சரிவு விசயம். 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவைப் பார்த்த சனத்துக்கு இந்தப் பயம் நியாயம்தான். ஆனால் படத்திலிருந்து வருவது தேயிலையின் மேற்பரப்பு, மண் இல்லை. செடிக்கு அடியில் கைவிரல் அகலத்துக்கு வெடிப்பு ஓடினாலும் இதில் தெரியாது. தெரியக்கூடியது சாய்ந்த மரம், வளைந்த செடி வரிசை, புதிதாக ஈரம் கசியும் இடம், உடைந்த வடிகான், முன்பு வழுக்கிய இடத்தின் பிறை வடிவ விளிம்பு. இவற்றைக் குறித்துக்கொண்டு நடந்து போய்ப் பார்க்க வேணும். ஒரு வருட இடைவெளியில் இரண்டு மாதிரியைக் கழித்துப் பார்க்கலாம், அதற்கும் கொஞ்சம் கவனம் வேணும். கவ்வாத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தால் மலையே இறங்கினது போலக் காட்டும். சந்தேகமான இடம் இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கோ. ஓர்தோ படத்தை வைச்சு ‘இந்த லயம் பாதுகாப்பு’ என்று எவருக்கும் எழுதிக் கொடுக்காதேங்கோ.

மலைரோடு:

அனுமதியை யாரும் சொல்லவில்லை. சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும், பறப்புக்கும் அனுமதி வேண்டும், பாதுகாப்பு அமைச்சின் ஒப்புதலும் கேட்பார்கள். 120 மீற்றர் உயரத்தையும் 60 ஹெக்டேயர் எல்லையையும் விண்ணப்பத்திலேயே காட்டுங்கள். தோட்டத் துரையிடம் (மனேஜரிடம்) எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரட்டுக் களத்தில் (காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடம்) முதல் நாளே சொல்லிவிட்டால் ஆட்கள் வேலை செய்யும் மலைக்கு மேலே பறக்காமல் நாளை அமைக்கலாம்.

கொழுந்துக்கூடை:

எல்லோருக்கும் நன்றி. படம் 450க்கு மேல் வரும் போலிருக்கு. படங்களை இணைக்கும் வெப்ஓடிஎம் மென்பொருளுக்கு 16 ஜிபி ராம் போதுமா? கமெராவில் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிடவா?

நாற்பத்தைந்துபாகை:

16இல் ஓடும், முழு அளவுப் படத்தை ஒரேயடியாகக் கொடுத்தால் திணறும். ஸ்பிளிட் மெர்ஜ் போட்டு 150 படமாகப் பிரித்துவிடுங்க, அல்லது முதல் ஓட்டத்தைப் படத்தைச் சிறிதாக்கிப் பாருங்க, ஓட்டை இருக்கிறதா என்று அன்றைக்கே தெரியும்.

எஸ்100இன் சொந்த ஜிபிஎஸ் வேண்டாம், பற்றரி தின்னும், பறக்கும்போது பிந்தித்தான் இடம் காட்டும். பிக்ஸ்ஹாக் பதிவிலுள்ள கேம் வரிகளை (கமெராவைத் தட்டிய ஒவ்வொரு முறையும் பதிவாகும் இடமும் நேரமும்) வைத்து மிஷன் பிளானரில் ஜியோடாக் செய்யுங்க, அதாவது ஒவ்வொரு படத்திலும் அதன் இடத்தைப் பதியுங்க. படத்தின் எண்ணிக்கையும் கேம் வரிகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் வரிசையாகவே பொருத்தலாம். ஒன்றிரண்டு குறைந்தால், கமெரா ஒரு தட்டலைத் தவறவிட்டது என்று அர்த்தம். அப்போது நேரத்தைக் கொண்டு பொருத்த வேண்டும். எறியுமுன் போனில் விநாடி ஓடும் ஜிபிஎஸ் நேரத்தை அந்தக் கமெராவாலேயே ஒரு படம் எடுத்துவிடுங்க, இரண்டு கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் அதிலேயே இருக்கும்.