தமிழில் விளையாட்டு உருவாக்க எந்த மொழி, எந்தக் கருவி? எங்கள் அனுபவங்கள்

கொக்குவில்:
கோடுகள் கீறி ஆடும் கிளித்தட்டைக் கணினி விளையாட்டாக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சாதாரண தரத்தில் பாஸ்கலும் உயர்தரத்தில் பைத்தானும் படித்தவன் என்பதால் பைத்தானில் விளையாட்டு எழுத உதவும் பைகேமில் தொடங்கினேன். ஒரே வாரத்தில் நடுக்கோட்டில் கிளி ஓடியது. குறுக்குக் கோடுகளில் மற்றவர்கள் மறித்தார்கள். பிறகு திரையில் ‘வெற்றி’ என்று எழுதினேன். வகரத்துக்கு முன்னே நிற்க வேண்டிய கொம்பு பின்னே போய் நின்றது. ‘கோடு’ இன்னும் மோசம். அம்மா எட்டிப் பார்த்து, “இது என்ன மொழி, தம்பி?” என்று கேட்டார்.

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் வகரம் முதலிலும் கொம்பு அடுத்ததாகவும் பதியப்படுகின்றன. வரையும்போது இடம்மாற்றி வைக்கத் தனியாக ஒரு நிரல் நூலகம் வேண்டும். நான் வைத்திருந்த பதிப்பில் அது இல்லை. சில மாதங்கள் ஒவ்வொரு சொல்லையும் படமாகச் செய்து ஒட்டினேன். ஓர் எழுத்துப் பிழை வந்தால் புதிய படம்!

2023 இல் வெளிவந்த கோடோ 4 என்ற விளையாட்டு உருவாக்கும் கருவி, அப்படி எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. நோட்டோ தமிழ் எழுத்துருவைச் சேர்த்து ஓட்டினேன். கொம்பு தன் இடத்தில் நின்றது. அன்றிரவே அத்தனை படங்களையும் அழித்தேன். கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டும் பைத்தானைப் போல உள்தள்ளி எழுதும் மொழிதான். கை விரைவில் பழகிவிட்டது.

சாவகச்சேரி:
அண்ணா, நானும் கோடோ 4 தான். கோடோ ஏற்கும் இன்னொரு மொழியான, வேலையில் பழகிய சி-ஷார்ப்பிலேயே எழுதினேன். மூன்று மாதங்களுக்குப் பிறகு, நண்பர்கள் உலாவியில் ஆடட்டும் என்று ஏற்றுமதி செய்யப் போனபோதுதான், சி-ஷார்ப் திட்டங்களுக்கு அந்த வழி இல்லை என்று அறிந்தேன். முழுவதையும் ஜிடிஸ்கிரிப்டில் மாற்றி எழுதினேன். முதல் நாளே வெறுந்திரை ஒன்றையாவது ஆடப்போகிறவரின் கைபேசியில் ஓட்டிப் பாருங்கள்.

பருத்தித்துறை:
வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவைப் பார்த்து வந்த உற்சாகத்தில் பட்டம் ஏற்றும் விளையாட்டு ஒன்று செய்தேன். பட்டத்தில் கட்டும் விண் கூவும் ஓசையைக் கடற்கரையில் நானே பதிவு செய்தேன். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினிக்கு லூவா மொழியும் அதில் விளையாட்டு எழுத உதவும் லவ் சட்டகமும் தாராளமாகப் போதும். ஆனால் பட்டத்து வாலின் முதல் துண்டு இரண்டு நாட்கள் தோன்றவே இல்லை. பைத்தான் பழக்கத்தில் அதைப் பட்டியலின் 0 ஆம் இடத்தில் வைத்திருந்தேன். லூவாவின் சுழற்சி 1 இலிருந்து எண்ணியது.

கொக்குவில்:
உங்கள் திரையில் தமிழ் எப்படித் தெரிகிறது, அண்ணா?

பருத்தித்துறை:
இதுவரை வெறும் எண்கள்தான், தம்பி. இன்றிரவு ‘கொக்குப் பட்டம்’ என்று எழுதிப் பார்க்கிறேன்.