ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பிறகு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருமங்கலத்துக்காரி:

ஞாயிற்றுக்கிழமை பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்கு, திங்கள்கிழமை வேலையை நினைத்து முதல்நாளே வரும் பயத்தை நான் விளக்க வேண்டியதில்லை. போன வாரம் நடந்தது இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மதியச் சாப்பாட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. அம்மா இன்னொரு கரண்டி கறிக்குழம்பு ஊற்ற வந்தார். எனக்குத் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. மறுநாள் காலை ஒன்பதரைக்கு வாராந்தர ஆய்வுக் கூட்டம். எது முடிந்தது, எது முடியவில்லை என்று ஒவ்வொருவராக எல்லோர் முன்பும் சொல்ல வேண்டும். என்னிடம் பெரிய நிலுவைகூட இல்லை.

மதுரை ஜங்ஷனில் அப்பா பெட்டியை ஏற்றிவிட்டுக் கீழே இறங்கி ஜன்னலோரம் நின்றார். ஊறுகாய் பாட்டிலைப் படுக்க வைக்காதே, எண்ணெய் கசியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மேலாளரின் செய்தி வந்தது: "நாளை எல்லோரும் எண்களோடு வரவும்." அதில் என் பெயர்கூட இல்லை. கை நடுங்கியது. அப்பாவின் வாய் அசைவது தெரிகிறது, ஒரு வார்த்தை காதில் விழவில்லை. வண்டி நகர்ந்தபோது அவர் கையசைத்தார். நான் திரும்ப அசைத்தேனா என்பது நினைவில்லை. திண்டுக்கல் தாண்டி, திருச்சியும் தாண்டி அதையே நினைத்துக்கொண்டு விழித்துக் கிடந்தேன்.

கூட்டம் எப்போதும் போல் முடிந்தது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. உங்களில் வேறு யாருக்காவது இப்படி உண்டா?

மனுப் பிரிவு:

உண்டு சகோதரி. நான் ஆட்சியர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், மாவட்டம் வேண்டாம். திங்கள் என்றால் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு குடும்பமே தீக்குளித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதுவும் ஒரு திங்கள்கிழமைதான். அதற்குப் பிறகு எங்கள் வாசலிலும் போலீஸார் பைகளைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அந்த வரிசையைத் தாண்டித்தான் நாங்களும் இருக்கைக்குப் போக வேண்டும்.

ஒரு பாட்டி வருவார். முதியோர் உதவித்தொகை, மாதம் 1,200 ரூபாய், நின்றுபோய்விட்டது. மஞ்சள் பையிலிருந்து பழைய மனு ரசீதுகளை எடுத்து மேசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்பார். ஒன்றில்கூட மடிப்புக் கலையவில்லை. கணினியில் பார்த்தால் அவர் மனுவுக்கு நேராகத் "தீர்வு காணப்பட்டது" என்று இருந்தது. பணம் வரவில்லை. அதை அவருக்கு வாசித்துக் காட்டியவன் நான். "சரி சாமி, அப்படியானால் இந்த மாதம் வந்துவிடும் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே ரசீதுகளை மறுபடியும் பைக்குள் வைத்தார்.

ஞாயிறு இரவு கண்ணை மூடினால் எனக்கு அந்தக் கைகள்தான். மேலதிகாரிகளிடம் எனக்கு எந்தப் பயமும் இல்லை.

ரியாத் வாசி:

இருவரும் ஞாயிற்றுக்கிழமையின் மேல் பழி போடுகிறீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே ஞாயிறுதான் முதல் வேலை நாள். 2013 ஜூன் வரை சவூதியில் வியாழனும் வெள்ளியும் விடுமுறை. அப்போது எனக்கு வெள்ளி மாலை நெஞ்சடைக்கும். பிறகு அரசாணை வந்து விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியது. மாறிய உடனேயே நெஞ்சடைப்பும் சனி மாலைக்கு நகர்ந்துவிட்டது. அதே அந்தி நேரம், மஃரிப் பாங்கு சொல்லும் வேளைதான். கிழமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு சனிக்கிழமை மனைவி வீடியோ அழைப்பில் மகனின் மதிப்பெண் அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தாள். கணக்கில் முதல் மதிப்பெண். எதிர்க் கட்டிலில் அறைத்தோழர் மறுநாளுக்கான சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார். ஈரத்துணி சூடாகும் அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. "சிக்னல் போய்விட்டதா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். பையனை ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

மனுப் பிரிவு நண்பருக்கு ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு இருப்பது மனசாட்சி. அதையும் எங்கள் பயத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற காசாளர்:

வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2015 செப்டம்பரில் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளை முழு விடுமுறை ஆக்கினார்கள். அந்தச் சனியை அடுத்து வரும் திங்களன்று ஷட்டரைத் தூக்கும் முன்பே வெளியே கூட்டம் நிற்கும், ஷட்டரின் அடியில் வரிசையாகச் செருப்புக் கால்கள் தெரியும். அந்தக் கால்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். என் கதை இவ்வளவுதான். இனி நான் சொல்வதை இளையவர்கள் தயவுசெய்து கேளுங்கள்.

முதலாவது, திங்களுக்கான தயாரிப்பு வெள்ளி மாலையில்தான். நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன் திங்கள் காலை தொட வேண்டிய முதல் வேலையை ஒரு தாளில் ஒரே வரியில் எழுதி மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். பத்து வேலைகளை எழுதாதீர்கள், ஒன்று போதும். அரைகுறையாக நிற்கும் வேலையைத்தான் மனம் சுற்றிச் சுற்றி வரும்.

இரண்டாவது தூக்கம். சனி இரவு ஒரு மணிக்குப் படுத்து ஞாயிறு பத்து மணிக்கு எழுந்தால் அன்றிரவு பத்தரைக்கு எப்படித் தூக்கம் வரும்? வராது. வராத தூக்கத்தைப் பயம் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஞாயிறும் வழக்கமான நேரத்துக்கே எழுந்திருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் காபி வேண்டாம், குடித்த காபியிலுள்ள காஃபினில் ஏறக்குறைய பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்கும். காலையில் கண் விழித்த அரைமணி, முக்கால் மணிக்குள் கார்டிசால் என்ற சுரப்பு எல்லோருக்கும் ஏறும், வேலை நாளில் இன்னும் கூடுதலாக ஏறும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் திங்கள் காலைப் படபடப்பை வைத்து உங்களையே எடை போடாதீர்கள். அந்த முக்கால் மணி நேரம் போனைத் தொடாமல் நடந்துவிட்டு வாருங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை இருக்கிறது. மத்திய அரசு 2022-இல் தொடங்கியது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

எட்டாம் வகுப்பு ஆசிரியை:

ஐயா, நீங்கள் நல்ல மனத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இங்கே யாரும் வழி கேட்கவில்லை, நடந்ததைத்தான் சொன்னார்கள். நீங்கள் சொல்லும் வெள்ளி மாலைத் தாள், ஞாயிற்றுக்கிழமையில் ஓய்வு இருக்கிறவர்களுக்கு. என் ஞாயிறு மாலையில் கிரைண்டர் ஓடும். வாரம் முழுவதற்குமான மாவு அது. இரண்டு பிள்ளைகளின் சீருடை, வெள்ளைக் கான்வாஸ் ஷூ, என்னுடைய பாடக்குறிப்பேடு, இத்தனையும் அதே மாலையில். எனக்குத் திங்கள் என்பது ஞாயிறு மூன்று மணிக்கே தொடங்கிவிடுகிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாவை வழித்துவிட்டு அறைக்குள் போனேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் டை, பெல்ட், சாக்ஸ், அடையாள அட்டை எல்லாவற்றையும் தலையணைப் பக்கத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவே இல்லை. "இப்போதே எடுத்து வைத்துவிட்டால் காலையில் நீ கத்த மாட்டாய் அல்லவா?" என்றாள். சாக்ஸ் ஒன்று உள்பக்கம் வெளியே தெரியத் திரும்பியிருந்தது. அதைச் சரிசெய்கிற சாக்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் போய், பாடக்குறிப்பேட்டைத் திங்கள் காலைக்குப் பதில் செவ்வாய் மாலை ஒப்படைக்கலாமா என்று கேட்டேன். மற்ற ஆசிரியைகளும் கேட்டால் பார்க்கலாம் என்றார். இப்போது கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். காபியைக் குறைத்துப் பார்த்தவள்தான் நானும். குறைக்க வேண்டியது திங்கள் காலையில் குவித்து வைக்கிற வேலையை.

திருமங்கலத்துக்காரி:

அக்கா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன். நான் கையசைக்கவில்லையாம். "உனக்குத் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்" என்றார். அந்தக் கூட்டத்தைத் திங்கள் மதியத்துக்கு மாற்ற எங்கள் குழுவில் இன்னும் இரண்டு பேருக்கும் விருப்பம் இருக்கிறது. சேர்ந்து கேட்கப் போகிறோம். மனுப் பிரிவு அண்ணா, அந்தப் பாட்டிக்குப் பணம் வந்துவிட்டதா?

மனுப் பிரிவு:

இன்னும் வரவில்லை. ரியாத் நண்பரே, மனசாட்சி என்று பெருமையாகச் சொல்லாதீர்கள். அவர் வரிசையில் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு வேறு பக்கமாக உள்ளே போகத் தோன்றுகிறது. அதற்குப் பெயர் பயம்தான். காசாளர் ஐயா சொன்னபடி வெள்ளி மாலை ஒரு வரி எழுதி வைத்தேன், அவருடைய மனு எண்ணை. இன்று வட்டாட்சியர் அலுவலகத்தில் பேசியபோது ஆதார் விவரம் பொருந்தவில்லை என்றார்கள். அடுத்த திங்கள் அவர் வரும்போது ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் வாங்கிப் பார்க்க வேண்டும்.